போர் நோட்டு

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பதினோரு வருசம்.
ராய்ப்பூர், நாந்தேடு, ஜபல்பூர்,
எந்த ஊர்ப் பாறைக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு.
முப்பதடி வரைக்கும் மண்.
நூத்திநாப்பதில் கருங்கல்.
அறுநூத்திப்பத்தில் ஈரப்புழுதி,
அதற்குமேல் இறக்கக் காட்டுக்காரரிடம் காசில்லை.

வலி அந்த நோட்டில் இல்லை.
தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே, கை எட்டாத இடம்.
வாயு என்றார் நாந்தேடு மருந்துக்கடைக்காரர்.
சுளுக்கு என்று ஈங்கூரில் எண்ணெய் விட்டு இழுத்தார்கள்.
நெஞ்சைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்குதுங்க என்றதற்கு
ஈ.சி.ஜி. எடுத்து
நல்லாத்தான இருக்குது என்றார்கள்.
சாயங்காலக் காய்ச்சலை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பெல்ட்டில் மூன்றாவது புது ஓட்டை போட
ஆணியைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான்
சாந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு
பஸ்ஸுக்குக் கிளம்பு என்றாள்.

பெருந்துறை.
டாக்டர் ஷகீரா கட்டைவிரலால் கழுத்திலிருந்து
ஒவ்வொரு எலும்பாக எண்ணி இறங்கினார்.
ஐந்தாவதில் கத்தினேன்.
ஆறாவதில் கட்டிலைப் பிடித்தேன்.

ஸ்கேன் குழாய்க்குள் காதில் பஞ்சு.
கடகடவென்று அடித்தது எனக்குப் பழகின சத்தம்,
பாதியில் தூங்கிவிட்டேன்.

தட்டு கரைஞ்சிருக்கு, டி.பி. மாதிரி இருக்கு என்றார்.
இருமலே இல்லீங்களே.
எலும்புக்கும் வரும்.
ஈரம் இருக்குதுங்களா?
படத்தைத் திரும்பப் பார்த்து, இருக்கு என்றார்.

ஊசி இறக்கிய அன்றைக்குக் குப்புறப் படுத்தபடி கேட்டேன்,
எத்தனை அடி போகோணுங்க?
நாலு சென்டிமீட்டர். சிரிக்காதீங்க, ஆடுது.
மூன்று மில்லி வந்தது.
அதற்கு ஒரு பாட்டில், பாட்டிலில் என் பேர், வயசு, தேதி.
ஆயிரம் அடி போட்டும் புகையாய்ப் பறந்த காடுகளுக்கு
யாரும் சீட்டு ஒட்டியதில்லை.

தொழில் என்ற இடத்தில் குமாஸ்தா கூலி என்று எழுதியிருந்தார்.
டாக்டர் அதை அடித்து, ரிக் டிரில்லர், பதினோரு வருசம் என்று எழுதினார்.
எத்தனை நாளா வலி?
பையிலிருந்த பழைய சீட்டுகளைத்
தேதிவாரியாக மேசையில் பரப்பினார்.
வாயு. சுளுக்கு. நல்லாத்தான இருக்குது.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார்:
ஒன்பது மாதம்.

முதல் மாத்திரைக்கு மூத்திரம் செம்மண் தண்ணியாட்டம் போனது.
இன்னும் மண்ணுதான், கல்லு வரலை என்றேன் சாந்தாமணியிடம்.
அவள் சிரிக்கவில்லை.
அக்குளிலிருந்து இடுப்புவரை பிளாஸ்டிக் சட்டை,
அதற்குள் ஐப்பசியிலும் வேர்வை.
வலிக்குத் தினம் ஒரு நம்பர் எழுதச் சொன்னார்கள், பத்துக்கு எத்தனை என்று.
வீட்டில் இருந்தது போர் நோட்டுதான்.

நாள் 20: எட்டு.
நாள் 50: ஆறு.
நாள் 51: எழுதவில்லை.
நாள் 93: நாலு. தும்மியபோது ஒன்பது.
நாள் 160: இரண்டு. முதலாளி அத்தியப்பன் போன்.
எப்ப வண்டி ஏறுவே?
அதிர்ற எந்த வண்டியும் கூடாது என்பது
கோப்பில் சிவப்பு மையில் இருக்கிறது.
பாக்குறேனுங்க என்றேன்.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்த்தார்கள்.
அவசரத்தில் முன்பக்கங்களும் சேர்ந்துவிட்டன.
போன வாரம் புதுசாய் வந்த டாக்டர் பையன்
புரட்டிக்கொண்டே கேட்டான்,
அறுநூத்திப்பத்துன்னு இருக்கே, மாத்திரை அளவுங்களா?

ஈரப்புழுதிங்க என்றேன்.
அவன் அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.