இருபத்தேழு கூட

பற்றரிக்குத் தடை.
கல்குலேற்றர் லாச்சிக்குள் செத்துக் கிடக்குது.
பதினொரு கிணறு. x கடலுக்குள்ள தூரம், y உப்பு.
xy நிரலைக் கூட்டினால்
பிலோமினாவுக்கு என்னைவிட இருபத்தேழு கூட.
திரும்பக் கூட்டினோம். அதே இருபத்தேழு.

“ஒன்பதால பிரியுது,” என்றாள்,
“எங்கையோ ரெண்டு இலக்கம்
இடம்பெயர்ந்திட்டுது.”
சொன்னபிறகுதான் அந்தச் சொல் இருவருக்கும் கேட்டது.

ஜாம்போத்தல் விளக்கை இழுத்து
விரலால் வரிவரியாய் இறங்கினேன்.
ஏழாவது கிணறு, கோண்டாவில்.
ஏழொன்பது அறுபத்துமூன்றை
முப்பத்தாறென்று எழுதியிருக்கிறேன்,
அதுவும் அழுத்தமாக.
வெட்டித் திருத்தினேன். கூட்டுத்தொகை ஒத்தது.

போன மாதம் அங்கே வாளி தந்த பெடியன்
எந்தக் கரையில் இப்போது, தெரியாது.
அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை.

பிலோமினா திரியைத் தணித்தாள்,
எண்ணெய் மிச்சம் பிடிக்க.
இனி y வர்க்கம்.
பிறகுதான் r.