நீலம் தெரியாத மருந்து

ஜாடி வரவில்லை. ஜாடியின் படம்தான் வந்தது,
தூத்துக்குடியில் இறங்கி, மாட்டுவண்டியில் மதுரைக்கு,
இரண்டு அட்டைக்கு நடுவே, ஜவுளிக்காரர் கடிதத்தோடு:
'சீமைக் கண்காட்சியில் பரிசு வாங்கிய பீங்கான்.
இதிலுள்ள பூவேலையை அப்படியே
நாற்பது சேலையில் இறக்கித் தரவும்.'

என்ன நிறம் என்று எழுதவில்லை.

படம் முழுக்க ஒரே பழுப்பு,
கடுக்காய்த் தண்ணீரில் முக்கிய துணிபோல.
கழுத்தருகே கன்னங்கரேலென்று நாலு பூ.
வயிறு வெறும் வெள்ளை.
அந்த வெள்ளையில் ஒரு ஜன்னல் பளபளத்தது;
அதன் காலடியில், எள்ளளவு,
தலைமேல் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள்.
இவனையும் சேலையில் இறக்கவா என்றேன்.
தம்பி துவாரகய்யன் சிரிக்கவில்லை.
அவன் சாயவேர், வைகைத் தண்ணீரில் ஊறிய சிவப்பு.
நான் அவுரி.
கறுப்புப் பூ யார் தொட்டிக்கு என்பதில்
ரெண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் தெற்கு மாசி வீதி.
கூடாரத்தில் படமெடுக்கும் மரியசூசைக்கு
விரல் பத்தும் கரி. வெள்ளி உப்பாம், தேய்த்தாலும் போகாதாம்.
பார்த்த மாத்திரத்தில் சொன்னார்:
'இந்த மருந்துக்கு நீலம் தெரியாது, ஐயரே.
நீலமும் அதற்கு வெள்ளைதான்.
சிவப்பு, இருட்டு.'

அப்படியானால் அந்த வெறும் வயிறு?

'வெறுமையாகவே இருக்கலாம்.
நீலப் பூ மண்டியும் கிடக்கலாம்.
படமெடுத்தவனைத்தான் கேட்கணும்.'

நம்பவில்லை. கையை நீட்டினோம்.
எனக்கு முழங்கைவரை, இருபது வருஷத்து நீலம்.
அவனுக்கு மணிக்கட்டுவரை சிவப்பு.
பெட்டிக்கு முன்னே பலகையில் வைத்து
பதினைந்து எண்ணும்வரை அசையாதீர்கள் என்றார்.
என் கையில் ஈ உட்கார்ந்தது. விட்டுவிட்டேன்.

மறுநாள் வெயிலில் தாள் பழுத்து வந்தது.
தம்பியின் கை தார்ச்சட்டியில் விட்டதுபோல.
என் கை
தொட்டியையே பார்க்காத கை.
ஈ இருந்த இடத்தில் மட்டும் ஒரு மங்கல்.

வீட்டில் ருக்குபாய் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.
'யார் கை இது?'
முடிச்சுப் போடும் நகத்தால்
மோதிர விரலைத் தொட்டுப் பார்த்தாள்.
'தாரை வார்த்த அன்றைக்கே நீலம்.
இதை நான் பார்த்ததே இல்லையே.'

பூவைச் சிவப்பில் இறக்கினான் தம்பி.
வயிற்றை என்ன செய்ய?
எழுதிக் கேட்டால் பதில் வர மாசக்கணக்காகும்.
முப்பத்தொன்பதை வெள்ளையாக விட்டோம்.
ஒன்றை மட்டும்
அவனுக்குத் தெரியாமல் அவுரியில் ஏழு முக்கு முக்கி
கட்டின் அடியில் வைத்து அனுப்பினேன்.
எந்த ஊர் இடுப்பில் இருக்கிறதோ.

ஜாடிப் படத்தை ஜவுளிக்காரர் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம்.
கைப் படம் ருக்குபாயிடம்.
தரமாட்டேன் என்கிறாள்.