ஆறும்வரை

கொதிகலன் வீட்டுப் பம்ப் நின்று இரண்டு மணி நேரம்.
வில்யூய் கரையில் சைபருக்குக் கீழே நாற்பத்தெட்டு.
முதலில் பள்ளிக்கூடத்துக் குழாய்கள் வெடிக்கும்,
அப்புறம் ஆஸ்பத்திரி,
கடைசியில் என் வீடு. வரிசை எனக்கு மனப்பாடம்.

ஷாஃப்டை வாசலுக்கு வெளியே சாத்தி வைத்தேன்.
குளிருக்குச் சம்பளமில்லை,
ஆனால் இந்த ஊரில் அதைவிட நல்ல கையாள் கிடையாது.
நாற்பது மில்லிமீட்டர் ஷாஃப்ட்;
பேரிங்கின் வாய் அதைவிட நூறில் இரண்டு பங்கு சின்னது.
ஒரு மயிரை மூன்றாய்ப் பிளந்தால் ஓர் இழை.
அதற்குத்தான் இத்தனை பாடு.

எண்ணெய்ச் சட்டியில் பேரிங்,
அடியில் படாமல் கம்பியில் தொங்குகிறது.
உடன் நிற்க ஓர் ஆள் கேட்டேன்,
எர்கானை அனுப்பினார்கள்.
போன நவம்பரில் ஏரிப் பனிக்கு அடியிலிருந்து
என் வலையைத் திருடியவன் என்று
ஊர் முழுக்க நான் சொல்லிவைத்திருக்கும் எர்கானை.
தொப்பியைக் கழற்றினான். கையுறையை மாற்றினான்.
பேச்சில்லை.

நூற்றுப்பத்து டிகிரி.
உள்ளே வந்ததும் ஷாஃப்ட் வெள்ளையாய்ப் பூத்தது.
துடைத்தான். மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தான்.
‘இப்ப’ என்றேன்.

நேராகப் போனால் வெண்ணெய்.
ஒரு நூல் சாய்ந்தால் பாதி வழியிலேயே கல்யாணம் முடிந்துவிடும்,
வெட்டித்தான் பிரிக்கணும்;
அடுத்த பேரிங் மிர்னியில், போய்வர இரண்டு நாள்.
போனது.
தோளில் முட்டி ‘டொக்’ என்றது.

தெரியாதவர்கள் இங்கே கையை எடுத்துவிடுவார்கள்.
சூடு இறங்கும்போது வளையம் அகலத்திலும் சுருங்கும்;
பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால்
தோளைவிட்டு ஒரு காகிதத்தனை விலகி
அங்கேயே இறுகிப்போகும்.
குழாய்த்துண்டை வைத்து இருவரும் அழுத்தினோம்,
என் வலது கை அவன் இடது கையின் மேல்,
ஆறும்வரை.

இரண்டாம் நிமிடத்தில் சொன்னான்:
‘வலையை எடுத்தது நானில்லை, என் மச்சான்.
மீனைத் தின்றது நான்.’

‘அழுத்து’ என்றேன்.
‘எத்தனை மீன்?’
‘பதினேழு.’
‘இன்னும் ஆறவில்லை.’
எதைச் சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை.

பிறகு மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தேன்.
எந்தப் பக்கமும் நுழையவில்லை.
பதினோரு மணிக்கு விசையைத் தட்டினோம்.
பள்ளிக்கூடத்தில் ஒரு குழாய் வெடித்துத்தான் இருந்தது,
புவியியல் வகுப்பில்.
அதற்கு அவன் போனான்.
நான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன்.