துடைக்காத பற்று

ஃப்ளக்ஸ் வேண்டும் என்றால்
மதுரையில் முதலில் கேட்பார்கள்,
"யாருக்குக் காதுகுத்து?"
பேனர் இல்லைண்ணே, பசை.
செம்பில் வெள்ளீயம் ஓடுவதற்கு முன்
அழுக்கைத் தின்கிற பசை.
தின்று முடித்ததும் துடைத்துவிட வேண்டும்.
அதற்குப் பசி அடங்காது.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ்,
மொட்டைமாடி, சோலார் வெந்நீர்க் குழாய்.
நான் வைத்த பதினான்கு பற்றில்
ஒன்றில் மட்டும் பச்சை பூத்து
கீழே முந்நூற்று இரண்டாம் அறைக் கூரையில்
ஈரம்.
"போர் தண்ணி, ஒரே உப்பு"
என்றார் மேனேஜர் தெய்வேந்திரன்.
ஆமா என்றேன்.

அந்த உப்பு
மற்றப் பதிமூன்றிலும்தான் ஓடுகிறது.

அன்றைக்கு வெயிலுக்கு
துடைக்கிற துணியைத் தலையில் கட்டியிருந்தேன்.
கடைசிப் பற்று. அப்புறம் துடைக்கலாம் என்று
டீக்கு இறங்கினேன்,
அப்படியே கூலி, அப்படியே பஸ்.
ரெண்டு வருஷம்.

இன்று புதுப் பற்றை மூன்று தரம் துடைத்தேன்.
அறுத்த துண்டை யாரும் கேட்கவில்லை,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அறுநூறு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பெரியார் நிலையத்தில் சில்லறை தேடினால்
விரலெல்லாம் பச்சை.
நான் நீட்டிய ஐந்து ரூபாயை
கண்டக்டர் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துத்
துடைத்துவிட்டு
பைக்குள் போட்டார்.