மாவு

முதல் நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை.
கண்ணாடிப் பெட்டியின் நகரும் கதவில்
ஒரு விரல் நுழையும் இடைவெளி.
உள்ளே விளக்கு, தண்ணீர்க் கிண்ணம், மரத்தூள்,
சுருண்டு கிடந்ததன் பள்ளம்.

த்கானிச்கா என்றால் செக் மொழியில் ஷூ கயிறு.
விளையாட்டரங்கில் கூடிய ஊர்வனச் சந்தையில்
தயிர் டப்பாவில் வைத்து விற்றார்கள்,
மூடியில் ஊசித் துளைகள்.
அன்றைக்கு அந்தப் பேர் பொருந்தியது.
இன்று ஒன்றரை மீட்டர், ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள்.
பேரை மட்டும் யாரும் நீட்டவில்லை.

ரடோவான், ஒஸ்ட்ராவா டிராம் பணிமனையில் மின்பழுது பார்ப்பவன்.
அறுநூறு வோல்ட் கம்பிக்குக் கீழே நின்று தேநீர் குடிப்பான்.
நாலாவது மாடியில் மண்டியிட்டு
ஃப்ரிட்ஜின் முதுகுக்குள் டார்ச் அடித்தபோது
கை நடுங்கியது.
பாம்பென்றால் படையே நடுங்கும், சரி.
பாம்பைக் காணோம் என்று நடுங்குகிறவனுக்கு
நம்மிடம் பழமொழி இல்லை.

மூன்றாம் நாள் வாசல்படி தோறும் கோதுமை மாவு சலித்தான்.
விடிந்து பார்த்தால்
அவனுடைய குதிகால் தடம்தான்.

பாம்புக்குப் பால் வார்த்தவன் என்று அவனை ஏச முடியாது.
அவன் வார்த்தது வெந்நீர்:
உறைந்த எலியைப் பையோடு அதில் இளக்கி,
இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டி,
உயிர் இருப்பதுபோல் நடிக்க வைப்பான்.
அவளும் நம்புவதுபோல் நடிப்பாள்.
ஃப்ரீசரில் எலிகளுக்கு அடுத்த தட்டில் பிளம் உருண்டைகள்.
எந்தப் பையிலும் எதுவும் எழுதி ஒட்டியதில்லை.
மனைவி போனதற்கு அது மட்டுமே காரணமில்லை.

பதினோராம் நாள்
வேலைக்குக் கிளம்பி, கோட்டை மாட்டப் போனால்
கை நுழையவில்லை.
உள்ளே ஏதோ சரசரத்தது.
இழுத்தான். வந்தது, வந்துகொண்டேயிருந்தது.
சட்டைக்குள் சட்டை.
மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே உரி,
கண்ணை மூடியிருந்த இரண்டு செதிலும்
அதனதன் இடத்தில்.
மேசையில் விரித்து அளந்தான்.
உரிந்த தோல் உடம்பைவிட நீளும் என்பது தெரிந்தவன்தான்.
இருந்தும் நோட்டில் எழுதினான்: வளர்ந்திருக்கிறாள்.

அன்று மாலைதான் கண்ணில் பட்டது,
வெந்நீர்க் குழாய் தரைக்குள் இறங்குமிடத்தில்
இரண்டு விரல் ஓட்டை.

மூன்றாம் மாடி. ஹெட்விகா ஸ்லானினோவா,
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் முப்பது வருஷம்.
கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கேட்டார்.
விஷமா?
இல்லை.
கடிக்குமா?
கடிக்கும். பெரிதாக வலிக்காது.
எத்தனை நாளாகிறது?
அவன் ஷூவைப் பார்த்துச் சொன்னான்: பதினொன்று.
சங்கிலி அப்படியே கிடந்தது.
மாவை நானே தூவிக்கொள்கிறேன், நீங்கள் போகலாம்.
வந்தால் குழாயை மூன்று தரம் தட்டுவேன்.

எட்டு இரவு குழாயோரம் படுத்தான்.
கட்டடம் முழுக்க அதில் பேசியது:
யாருடையதோ இருமல், ஐந்தாம் மாடிச் சண்டை,
நள்ளிரவில் ஒற்றைக் கரண்டி விழும் சத்தம்.
பெட்டி விளக்கை அவன் அணைக்கவில்லை.
வெறும் பள்ளத்தின் மேல் முப்பத்தொரு டிகிரி.

ஞாயிறு காலை
டங்.
டங்.
மூன்றாவதற்கு அவன் மாடிப்படியில் இருந்தான்.

ஹெட்விகா நாற்காலிமேல் ஏறி நிற்கவில்லை.
மரக்கரண்டியால் காட்டினார்.
ரேடியேட்டர்மேல், உப்புவதற்காக மூடி வைத்த ரொட்டி மாவு.
மூடிய பூப்போட்ட துணி மெல்ல மூச்சு விட்டது.
விலக்கினால்
கிண்ணத்தைச் சுற்றி இரண்டு சுற்று,
பொங்கிய மாவில் தாடையைச் சாய்த்து,
நாக்கால் அவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இதை இனி நான் சுடமாட்டேன் என்றார் ஹெட்விகா.
சற்றுக் கழித்து,
விலா எலும்பு எத்தனை ஜோடி?
இருநூறுக்கு மேல்.
படம் எடுத்தால் அழகாக இருக்கும்.

தமிழில் கேட்டிருந்தால்
நான் ஓரடி பின்வாங்கியிருப்பேன்.
இவள் படமெடுக்காத இனம்.

அன்றிரவு நோட்டில்:
பத்தொன்பது நாள். 540 கிராம். ஒரு எலி, உடனே.
அதற்குக் கீழே, வேறு பேனாவில்:
மாவு இரண்டு கிலோ, மூன்றாம் மாடிக்கு.