இரண்டு இழுப்பு

வேதாளை முக்கில் டிவி வண்டி.
அதன் ஜெனரேட்டர் உறுமுவது
எங்கள் வள்ளத்துக் கம்ப்ரசர் மாதிரியே.

பதினொரு வருசம்
காக்கா சங்குக்கு இறங்க
காற்றுக்குழாயைப் பிடித்தவன் நான்.
ஒரு இழுப்பு: இன்னும் விடு.
இரண்டு: தூக்கு.
அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.
நானாகத் தூக்கினேன்,
பிந்தி.

மதுரையில் இப்போது வேறு குழாய்.
எடுத்துவிடுங்கள் என்று மதினி வழக்குப் போட்டாள்.
கூடாது என்று நான்.

கல்யாணப் படத்தில் அவளை வெட்டிவிட்டு
காக்காவுக்கு மட்டும் போஸ்டர் அடித்திருக்கிறார்கள்
யாரென்றே தெரியாத ஆட்கள்.
ராமேஸ்வரம் பஸ் எங்கள் வாசலில் மெதுவாகிறது,
ஜன்னலுக்கு ஒரு தீர்ப்பு.
மீன் ஏலத்தில் ஒருத்தன் கேட்கிறான்,
உன் பக்கம் ஜெயிக்குமாடா?

'விரல் அசைஞ்சுது, நான் பாத்தேன்.'
மைக்கில் சொன்னேன். ஊரே அழுதது.
ராத்திரி முழுக்க அதையே ஓட்டினார்கள்.

மதினி டிவிக்கு முகம் காட்டவில்லை.
கோர்ட்டு வராந்தாவில்
முக்காட்டை விலக்காமல்
என்னிடம் மட்டும் கேட்டாள்:

'எத்தனை தரம்?'

நாளைக்கு வாய்தா.
மைக் வாசலிலேயே நிற்கிறது.
உள்ளங்கையில்
குழாய் அறுத்த தழும்பு
அரிக்கிறது.