உறை பிரித்த நாள்

தென்தீவிலிருந்து வரும் காலைக் கப்பலில்
ஒரு பிஸ்கட் டப்பா தனியாகப் பயணம் செய்யும்.
மூடிமேல் என் பெயர்: ரான்வா, ஆய்வகம், தோர்ஸ்ஹவ்ன்.
உள்ளே ஐஸ். ஐஸுக்குள் இரட்டை மூடிக் குப்பி.
குப்பிக்குள், இந்த வாரம், ஹானுஸ். எழுபது கிராம்.

கப்பல்காரர்களுக்கு எல்லாம் தெரியும்.
"டாக்டரம்மாவுக்குப் பலகாரம் வந்திருக்கு."
பதினோரு வருடமாய் ஒரே நகைச்சுவை.
நானும் சிரித்துவைப்பேன்;
சிரித்தால்தான் டப்பா முதலில் இறங்கும்.

இந்தத் தீவுகளில் மனிதரைவிட ஆடு அதிகம்.
மரம் தேடிப் போனால் மழைதான் கிடைக்கும்.
குடல் எரியும் ஆட்கள் மட்டும் தெருவுக்கு ஒருவர்.
ஏன் இங்கே, ஏன் இவ்வளவு என்று கேட்பதற்கே
எனக்குச் சம்பளம்.
மீனா, இருட்டா, ரத்தத்தில் வந்த பழைய பாக்கியா,
கழுவிக் கழுவி நாமே துரத்திவிட்ட எதுவோவா?
கேள்வி பெருத்தது. உறைபெட்டிகளும்
ஒன்றிலிருந்து ஆறாயின.

ஹானுஸ் மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்த்தவன்.
பதினான்கு ஆட்களுக்கு ஒரு கழிப்பறை.
அவனுக்கு மட்டும் நாளைக்குப் பதினைந்து தடவை, ரத்தத்தோடு.
வேலையை விட்டதற்கு முதுகுவலி என்றான்.
முதுகை யாரும் மோந்து பார்ப்பதில்லை.

குழாய்க் கேமராவில் பார்த்தேன். சுவரெல்லாம் சிவந்து,
தொட்ட இடம் கசிந்தது.
அங்கே குடியிருக்க வேண்டியவர்களை எண்ணினோம்.
பாதி வீடு பூட்டிக் கிடந்தது.
மிச்சத்தில் இரண்டே குடும்பம், பெருங்கூச்சல்.

நாற்பது பேரை எடுத்துக்கொண்டோம்.
இருபது பேருக்கு, வயிறு ஒழுங்காய் நடக்கும் வேற்றாளின் மலம்,
உப்புநீரில் அடித்து, வடிகட்டி, உள்ளே.
மற்ற இருபது பேருக்கு அவரவருடையதே,
அதே மிக்ஸி, அதே வடிகட்டி, திரும்ப உள்ளே.
யாருக்கு எது என்பது
கோபன்ஹேகனில் ஒரு உறைக்குள் இருந்தது.
எனக்கும் தெரியாது. தெரியக் கூடாது.

எட்டாவது வாரம் ஹானுஸுக்கு ரத்தம் நின்றது.
பன்னிரண்டாவது வாரம் துடுப்புப் படகில் ஏறினான்.
கூடவே ஒரு புதுப் பழக்கம்:
ஜென்மத்தில் தொடாத ருபார்ப் ஜாமை
கரண்டி கரண்டியாய்த் தின்கிறானாம்.
"கொடுத்தவனோட நாக்கு, டாக்டர். வயித்தோட சேர்ந்து வந்துடுச்சு."

உறை பிரித்த அன்று அவனும் வந்திருந்தான்,
ஒன்பது மாதம் காற்றில் தொங்கிய ஆட்டுத்தொடை ஒன்றோடு.
அழுகலுக்கும் ருசிக்கும் நடுவே எங்கேயோ
நுண்ணுயிர்கள் நிறுத்திவைத்த இறைச்சி.
"பேர் வேண்டாம். அந்த ஆளுகிட்ட சேர்த்துடுங்க."

பட்டியலில் விரல் வைத்து இறங்கினேன்.
பதினேழு. ஹானுஸ்.
அவனுடையதே அவனுக்கு.
இரண்டாம் முறையும் பார்த்தேன்.
அருமையான கொடையாளி கிடைத்த பெயின்டாவுக்கோ
மார்ச்சில் பெருங்குடலையே எடுத்தாயிற்று.

சொன்னேன். விதி அப்படி;
தவிர, வேறு எதைச் சொல்வது?
அவன் ஜன்னலைப் பார்த்தான். அதற்கப்பால் மழையை.
"அப்போ ருபார்ப்?"
"அதுவும் நீங்கதான்."

வெகுநேரம் தொடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு
கத்தி கேட்டான்.
ஆய்வகத்துக்குள் சாப்பிடக் கூடாது.
ஆம்புலன்ஸ் நிற்குமிடத்தில்,
என் காரின் முன்மூடிமேல் வைத்து அரிந்தோம்.

கட்டுரையில் அவன் ஒரு புள்ளி,
தப்பான பக்கத்தில் போய் நிற்கும் புள்ளி.
அவன் நலமானதில் என் கணக்கு கெட்டது:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.
எதையும் நிரூபிக்காத எண்.

அவன் அதைக் கேட்கவில்லை.
"திரும்ப வந்துச்சுன்னா?" என்றுதான் கேட்டான்.
என் வாயில் இறைச்சி இருந்தது.
மென்றுகொண்டே இருந்தேன்.